கொழும்பில் உங்கள் முதல் பங்கீட்டுப் பரிசோதனை: தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

ஆட்களுக்கு உண்மைக் காசைக் கொடுத்து, அதை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்ப்பது பரிசோதனைப் பொருளியலில் ஒரு வழக்கம். முதன்முறையாக அப்படியொரு பரிசோதனையை நான் நடத்திப் பார்த்தது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு டியூஷன் வகுப்பு மண்டபத்தில். வந்தவர்கள் உயர்தரம் முடித்த பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் காசைக் கொடுத்து, முகம் தெரியாத ஒருவருக்கு இதில் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேட்டோம். ஏறக்குறைய எல்லோரும் சரிபாதி வைத்தார்கள். எனக்கு அளவில்லாத சந்தோஷம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது: அவர்களுடைய ஆசிரியர் கடைசி வாங்கில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் அளந்தது பிள்ளைகளின் நியாய உணர்வையா, சேர் பார்க்கிறார் என்ற எண்ணத்தையா? கண்டுபிடிக்க வழியே இல்லை. அந்தத் தாள்களை அப்படியே கட்டி ஒதுக்கி வைத்தேன்.

அதன்பிறகு கற்றுக்கொண்டதை, இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பட்டப்படிப்பு ஆய்வுக்காகச் செய்பவராக இருக்கலாம். ஒரு சங்கத்தில் இருந்துகொண்டு, அங்கத்தவர்கள் ஏன் சந்தா கட்டுவதில்லை என்று அறிய விரும்புபவராகவும் இருக்கலாம். ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு மண்டபம், நூறு ரூபாய் நோட்டுகள், கடித உறைகள், 304 என்ற சீட்டாட்டத்துக்கு எடுக்கிற கடதாசிக் கட்டு ஒன்று. இவை போதும். படிக்குப் படி ஒரே கேள்வியை மட்டும் கூடவே வைத்திருங்கள்: இந்த முடிவை யார் பார்க்கப் போகிறார்கள்?

கேள்வியும் விளையாட்டும்

கேள்வியை ஒரே வசனத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "நம்மவர்கள் நியாயமானவர்களா" என்பது மிகப் பெரிய கேள்வி, அதை ஒரு பின்னேரத்தில் அளக்க முடியாது. "கொடுத்தவர் யாரென்று பெறுபவருக்குத் தெரிந்தால் கொடுக்கும் தொகை கூடுமா" என்பது அளக்கக்கூடியது. ஒரு பரிசோதனையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி கிடைத்த பிறகு விளையாட்டைத் தேர்வது சுலபம். நான்கு விளையாட்டுகள் தெரிந்தால் தொடங்கலாம்.

முதலாவது இறுதி நிபந்தனை விளையாட்டு. 1982இல் பொருளியலாளர் வெர்னர் கூத்தும் அவருடைய இரு சகாக்களும் ஜெர்மனியின் கொலோன் நகரில் செய்தது. ஒருவர் தொகையைப் பிரித்து ஒரு பங்கைக் கொடுக்க முன்வருவார். மற்றவர் சம்மதித்தால் அப்படியே பிரிபடும், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு ரூபாய் கிடைத்தாலும் லாபம்தானே என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் மனிதர்கள் சராசரியாக 40 சதவீதமளவு கொடுக்க முன்வருகிறார்கள். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்துவிடுகிறார்கள். அநியாயத்தைத் தண்டிக்கத் தங்கள் காசையே இழக்கிறார்கள். எத்தனை தடவை வாசித்தாலும் இது என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

இரண்டாவதில் மறுக்கும் உரிமையை எடுத்துவிடுவார்கள். கொடுப்பவர் வைத்ததுதான் கணக்கு. இதற்குச் சர்வாதிகாரி விளையாட்டு என்று பெயர். இரண்டையும் ஒப்பிட்டால் பயத்தினால் கொடுத்தது எவ்வளவு, மனதால் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். மூன்றாவது நம்பிக்கை விளையாட்டு: ஒருவர் அனுப்பும் காசு வழியில் மும்மடங்காகும், பெற்றவர் விரும்பினால் திருப்பிக் கொடுக்கலாம்.

நான்காவது பொதுப்பண்ட விளையாட்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் சந்தா, தொடர்மாடிப் பராமரிப்புக் காசு, கோயில் திருப்பணி எல்லாம் இதற்குள் இருக்கின்றன. நான்கு பேர், ஆளுக்கு 200 ரூபாய். விரும்பியதைப் பொது உண்டியலில் போடலாம். சேர்ந்ததை 1.6ஆல் பெருக்கி நால்வருக்கும் சமமாகப் பிரிப்பீர்கள். எல்லோரும் முழுவதையும் போட்டால் ஆளுக்கு 320. ஒருவரும் போடாவிட்டால் அதே 200. மூவர் போட்டு ஒருவர் பதுக்கினால் போட்டவர்களுக்கு 240, பதுக்கியவருக்கு 440. இதைத் திரும்பத் திரும்ப விளையாட வைத்தால் பெரும்பாலும் முதற் சுற்றில் 40 முதல் 60 சதவீதம்வரை போடுகிறார்கள், சுற்றுப் போகப் போகக் குறைகிறது. 2001இல் ஃபிஷ்பாக்கர், கெஹ்டர், ஃபேர் ஆகிய பொருளியலாளர்கள் காரணத்தைத் தோண்டினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் "மற்றவர் போட்டால் நானும் போடுவேன்" என்ற வகை. சுமார் முப்பது சதவீதத்தினர் எதுவும் போடாத வகை. இரண்டாமவர்களைக் கண்டு முதலாமவர்களும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். தன் காசில் கொஞ்சம் செலவழித்து மற்றவரின் காசைக் குறைத்துத் தண்டிக்க வழி கொடுத்தால் பங்களிப்பு ஏறுகிறது என்று ஃபேரும் கெஹ்டரும் காட்டினார்கள். ஆனால் 16 நகரங்களில் அதைச் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மஸ்கட், ஏதென்ஸ் போன்ற இடங்களில் நிறையப் போட்டவரையே தண்டித்தவர்களும் இருந்தார்கள். ஓர் ஊரின் முடிவை இன்னோர் ஊருக்கு அப்படியே கொண்டுவர வேண்டாம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

புதியவர்கள் நான்கையும் ஒரே நாளில் செய்ய ஆசைப்படுவார்கள். வேண்டாம். ஒன்றை எடுங்கள்.

அறிவுறுத்தல் தாள்

ஆங்கிலத்தில் உள்ள அறிவுறுத்தலை எடுத்துத் தமிழாக்கினால் பாதிப் பேருக்கு விளங்காது, மீதிப் பேருக்கு வேறு எதுவோ விளங்கும். தமிழிலேயே புதிதாக எழுதுங்கள். பிறகு அந்தத் தாளைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, என்ன விளங்கியது என்று சொல்லச் சொல்லுங்கள். சிங்களத்திலும் நடத்துவதாக இருந்தால் தமிழிலிருந்து சிங்களத்துக்கு ஒருவர், சிங்களத்திலிருந்து மறுபடி தமிழுக்கு இன்னொருவர் என்று மாற்றிப் பார்த்து, இரண்டு தமிழ்த் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். நியாயம், தானம், உதவி, பகிர்வு, சுயநலம் என்று ஒரு சொல்லும் தாளில் வரக் கூடாது. "சர்வாதிகாரி" என்ற பெயர் உங்கள் கொப்பியோடு நிற்கட்டும். ஆட்களுக்கு நீல ஆள், பச்சை ஆள் என்று பெயர் வையுங்கள். பெயர் என்ன செய்யும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு: 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே விளையாட்டை ஒரு பகுதியினருக்கு "வோல் ஸ்ட்ரீட் விளையாட்டு" (நியூயோர்க்கின் பங்குச்சந்தைத் தெருவின் பெயர்) என்றும் மறு பகுதியினருக்கு "சமூக விளையாட்டு" என்றும் அறிமுகப்படுத்தினார்கள். முதற் பெயரில் மூன்றில் ஒரு பங்கினர்தான் ஒத்துழைத்தார்கள், இரண்டாவதில் மூன்றில் இரண்டு பங்கு.

பெயரே வைக்காவிட்டாலும் வந்தவர்கள் தாங்களாக ஒன்றை வைத்துக்கொள்வார்கள். மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக்கும் குழுவினரும் 15 சிறு சமூகங்களில் இந்த விளையாட்டுகளை நடத்தினார்கள். கென்யாவின் ஒர்மா மக்கள் பொதுப்பண்ட விளையாட்டைப் பார்த்ததும், இது எங்கள் ஹரம்பே அல்லவா என்றார்கள். ஹரம்பே என்பது ஊர்கூடிப் பணம் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டும் வழக்கம். பப்புவா நியூ கினியில் இரண்டு சமூகத்தினர் பாதிக்கு மேல் கொடுக்க வந்தபோதும் மறுத்தார்கள், பெரிய அன்பளிப்பு பெரிய கடன் என்பதால். கலியாண வீட்டில் வந்த அன்பளிப்பைக் கொப்பியில் எழுதி வைத்து, அதே அளவில் திருப்பிச் செய்கிற நமக்கு இது நன்றாகவே விளங்கும். கொழும்பில் உண்டியலைக் காட்டினால் "சீட்டு மாதிரியோ?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் தாளில் உள்ளதை மறுபடி வாசியுங்கள். அந்தக் கேள்வியை மட்டும் குறிப்புக் கொப்பியில் எழுதுங்கள். பின்னால் முடிவுகளைப் படிக்கும்போது அது தங்கம்.

விளங்கியதா என்று வாயால் கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். மூன்று சிறு கணக்குக் கொடுங்கள்: "நீல ஆள் 300 கொடுக்க முன்வந்தார், பச்சை ஆள் மறுத்தார். யாருக்கு எவ்வளவு?" பிழைவிட்டவருக்குத் தனியாக விளங்கப்படுத்தி, சரியாக வந்த பிறகே தொடங்குங்கள்.

காசு

விளையாட்டுக் காசு, புள்ளி, மிட்டாய் எதுவும் வேண்டாம். உண்மைக் காசு. அதுவும் வந்தவர் செலவழித்த நேரத்துக்கு ஈடான காசு. நீஸி, ரஸ்டிக்கினி என்ற இரு பொருளியலாளர்கள் இஸ்ரேலில் மாணவர்களுக்குக் கேள்விகள் கொடுத்துப் பார்த்தபோது, மிகச் சிறு தொகை கொடுக்கப்பட்டவர்கள் ஒன்றுமே கொடுக்கப்படாதவர்களைவிட மோசமாகச் செய்தார்கள்.

வந்ததற்கான காசு வேறு, விளையாட்டில் உழைப்பது வேறு என்று பிரித்து வையுங்கள். 60 பேரை வைத்து இறுதி நிபந்தனை விளையாட்டு என்றால் 30 சோடி. சோடிக்கு 1,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 30,000. வந்ததற்கு ஆளுக்கு 500 என்றால் இன்னொரு 30,000. அதற்கு மேல் தேத்தண்ணி, பணிஸ், அச்சுச் செலவு. முதல் நாளே வங்கியில் நூறு ரூபாய் நோட்டுகளாக மாற்றுங்கள். காலையில் கடை கடையாகச் சில்லறை தேடினால் நேரத்துக்குத் தொடங்க முடியாது.

மறைவு

இந்த வேலையில் மிகவும் கடினமான படி இதுதான், கொழும்பில் அது இன்னும் கடினம். இங்கே தமிழ் ஆட்கள் மூன்று கேள்விக்குள் உறவு கண்டுபிடித்துவிடுவார்கள். "எந்த ஊர்? அங்கே எந்தப் பக்கம்? நீங்கள் யாற்றை பிள்ளை?" என்று முடிந்துவிடும். பதிவு மேசையில் அந்த உரையாடல் நடந்தபிறகு, அந்த அன்ரி உங்களுக்கு முன்னால் பத்து ரூபாய் மட்டும் வைத்துவிட்டுப் போவாரா?

ஹொஃப்மன், மெக்கேப், ஷஹாட், வெர்னன் ஸ்மித் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு முறையைத் தந்தது. சர்வாதிகாரி விளையாட்டில், ஆய்வாளருக்கே யார் எவ்வளவு வைத்தார் என்று தெரியாதபடி செய்தார்கள். அப்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எதுவுமே கொடுக்கவில்லை. மனிதர் கெட்டவர் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கொடுப்பதில் ஒரு பெரும் பகுதி பார்ப்பவர்களுக்காக என்று கொள்ளலாம்.

அந்த முறையை நம் நோட்டுகளுக்கு மாற்றிச் செய்வது இப்படி. கடித உறை ஒன்றில் பத்து நூறு ரூபாய் நோட்டும், அதே அளவில் வெட்டிய பத்து வெற்றுத் தாளும் போடுங்கள். ஒன்றிரண்டு உறையில் இருபதும் வெற்றுத் தாளாகவே இருக்கட்டும், இது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். கொடுப்பவர் ஒரு மறைப்புக்குப் பின்னால் போய், நோட்டும் தாளுமாகப் பத்தை உறையில் விட்டு, மிச்சப் பத்தை எடுத்துக்கொள்வார். ஆயிரமும் எடுத்தவரின் உறைக்கும் ஐந்நூறு வைத்தவரின் உறைக்கும் ஒரே தடிப்பு. உறை வெறும் தாளாகத் திரும்பினாலும், அது எடுத்ததா, முதலிலேயே காசில்லாத உறையா என்று ஒருவருக்கும் தெரியாது. உறையில் பெயரோ இலக்கமோ எழுதாதீர்கள். பெட்டியில் போட்டுக் கலக்கிய பிறகே திறவுங்கள்.

புது நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒவ்வொரு உறையையும் இருவர் எண்ணுங்கள்.

பதிவு மேசையில் இருப்பவரும் உறையைத் திறப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். மண்டபத்தில் ஆசிரியர், தலைவர், ஐயர், போதகர் எவரும் இருக்கக் கூடாது. அன்போடு சொல்லி வெளியே தேத்தண்ணிக்கு அனுப்புங்கள். சாமிப் படம் மாட்டிய மண்டபத்தை நான் எடுப்பதில்லை. காசு கொடுத்த ரசீதில் பெயரும் கையொப்பமும் கேட்பார்கள். அதில் வந்ததற்கான தொகையை மட்டும் எழுத முடியுமா என்று கணக்குப் பிரிவோடு முதலிலேயே பேசி எழுத்தில் வாங்குங்கள். இதைப் பின்னுக்குத் தள்ளினால் கடைசி நிமிடத்தில் மறைவு முழுவதும் உடையும்.

யாராவது உங்களைக் கூப்பிட்டு, "தம்பி, எவ்வளவு வைச்சால் சரி?" என்று கேட்பார். நிச்சயம் கேட்பார். "அன்ரி, இதில சரி பிழை எண்டு ஒண்டும் இல்லை, உங்கட விருப்பம்" என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டு "நல்லா யோசிச்சு வையுங்கோ" என்று சொன்னாலே போதும், பரிசோதனை அங்கேயே சாய்ந்துவிடும்.

ஆட்களும் குலுக்கலும்

நண்பர்கள் கூட்டமாக வருவார்கள். அவர்களை ஒரே குழுவில் விடாதீர்கள். வாசலில் கடதாசிக் கட்டைக் கலக்கி ஆளுக்கொன்று எடுக்க விடுங்கள்: சிவப்பு வந்தால் ஒரு பிரிவு, கறுப்பு வந்தால் மற்றப் பிரிவு. முன்னால் வந்தவர்களை ஒரு பிரிவிலும் பிந்தி வந்தவர்களை மறு பிரிவிலும் போடுவது குலுக்கல் ஆகாது. நேரத்துக்கு வருபவரும் பிந்துபவரும் வேறு வேறு மாதிரி ஆட்கள்.

எத்தனை பேர் வேண்டும்? இரு பிரிவுக்கும் இடையில் நடுத்தர அளவு வித்தியாசம், அதாவது அரை நியம விலகல் (தொகைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவுதான் நியம விலகல்), இருந்தால் அதை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஒரு பிரிவுக்கு 64 பேர். இரண்டு பிரிவுக்கு 128. சிறிய வித்தியாசத்துக்கு இன்னும் நிறைய. அப்புறம் ஒன்று: திரும்பத் திரும்ப விளையாடும் பொதுப்பண்ட விளையாட்டில் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மாறுவதால், ஒரு குழு முழுவதும் ஒரே ஒரு தரவுதான். 40 பேர் பத்துச் சுற்று விளையாடினால் 400 தரவு என்று எண்ணுபவர்கள் உண்டு. அது பத்துத் தரவு.

வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள், முஸ்லிம் பங்குபற்றுநர்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும். ஆடிவேல் திருவிழா நாட்களையும் தவிருங்கள். தேர் பார்த்துவிட்டு வருகிற கையும் மாதக் கடைசியில் வருகிற கையும் ஒரே மாதிரித் திறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றவர்கள் செய்வதைச் சொல்லும்போது

சமூகச் செல்வாக்கை அளக்க விரும்புபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். "முன்பு வந்தவர்களில் 80 சதவீதம் பேர் பாதி கொடுத்தார்கள்" என்று ஒரு இலக்கத்தை இட்டுக்கட்டி, என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள். பரிசோதனைப் பொருளியலில் பொய்க்கு இடமில்லை. ஒருமுறை பொய் சொன்னால் அந்த ஊரில் அடுத்தமுறை யாரும் உங்கள் தாளை நம்ப மாட்டார்கள். நமது சின்ன வட்டத்தில் அந்தச் செய்தி ஒரு வாரத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளைக்குப் போய்விடும்.

பொய் சொல்லாமல் எப்படி? ஃப்ரை, மையர் என்ற பொருளியலாளர்கள் சூரிச் பல்கலைக்கழகத்தில் செய்ததைப் பாருங்கள் (2004இல் வெளியானது). மாணவர் உதவி நிதிக்குப் பணம் கொடுப்பவர்கள் பற்றி அவர்களிடம் இரண்டு இலக்கங்கள் இருந்தன: அண்மையில் 64 சதவீதம், நீண்டகாலச் சராசரியாக 46 சதவீதம். இரண்டும் உண்மை. ஒரு பகுதியினருக்கு முதலாவதைச் சொன்னார்கள், மறு பகுதியினருக்கு இரண்டாவதை. கூடிய இலக்கத்தைக் கேட்டவர்களில் கொஞ்சம் கூடுதலானோர் கொடுத்தார்கள். நீங்களும் முன்னோட்டம் ஒன்று நடத்தி, அதிலிருந்து கிடைக்கிற இரண்டு உண்மையான இலக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறைக்கு வருபவர் எல்லோரும் உளவியலாளர் சொலமன் ஆஷ் 1950களில் செய்த பரிசோதனையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, முன்கூட்டியே பேசி வைத்த ஆட்கள் பிழையான பதிலைச் சொல்ல, உண்மையான பங்குபற்றுநரும் அப்படிப்பட்ட சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அவர்களோடு போனார். உளவியலில் அப்போது அந்த ஏற்பாட்டை ஏற்றார்கள். பொருளியல் பரிசோதனையில் நடிகர்களை உட்கார வைக்க முடியாது. ஆனால் அதில் அதிகம் பேசப்படாத ஒரு துண்டு நமக்குத் தேவை: பதிலைச் சத்தமாகச் சொல்லாமல் தாளில் எழுத விட்டபோது இணங்கிப்போவது வெகுவாகக் குறைந்தது. ஆகவே உங்கள் பரிசோதனையில் இரண்டைப் பிரித்து வையுங்கள்: மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று இவருக்குத் தெரிவது ஒன்று, இவர் செய்வது மற்றவர்களுக்குத் தெரிவது மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

அனுமதி, பதிவு

பல்கலைக்கழகம் சார்ந்தவராக இருந்தால் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே ஆள் சேருங்கள். வெளியில் இருந்து செய்தாலும் சம்மதத் தாள் கட்டாயம்: எந்த நேரமும் எழுந்து போகலாம், போனாலும் வந்ததற்கான காசு உண்டு என்று அதில் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசியுங்கள். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமலே விடுவது நல்லது. அடையாள அட்டை இலக்கம் உங்களுக்கு எதற்கு?

தொடங்கும் முன், உங்கள் கேள்வி, எதிர்பார்ப்பு, ஆட்தொகை, தரவில் எந்தக் கணக்கைச் செய்து பார்ப்பீர்கள் என்பதை இணையத்தில் முன்கூட்டியே பதிந்து திகதியிடுங்கள். இலவசமாகச் செய்யலாம். முடிவு வந்த பிறகு கேள்வியை மாற்ற மனம் இழுக்கும். அப்போது அந்தப் பதிவு உங்களைப் பிடித்து வைக்கும். கணினி வைத்து நடத்துவதாக இருந்தால் ஓட்ரீ என்ற இலவச மென்பொருள் உண்டு, கைபேசியிலும் ஓடும். முதல் தடவை தாளும் உறையுமாகவே செய்யுங்கள் என்பது என் விருப்பம். எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம்.

நடத்தி முடிந்ததும்

காசை அன்றைக்கே, அங்கேயே கொடுங்கள். தனித்தனி உறையில், ஒருவர் பின் ஒருவராக, மற்றவர் தொகை தெரியாதபடி. வாசலில் யாராவது "உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பதைத் தடுக்க முடியாது, ஆனால் முதலாமவர் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை அடுத்தவரைக் கூப்பிடாமல் இருக்கலாம்.

தரவைப் பார்க்கும்போது சராசரியோடு நிற்காதீர்கள். பாதிப் பேர் 500 வைத்துப் பாதிப் பேர் ஒன்றும் வைக்காவிட்டாலும் சராசரி 250, எல்லோரும் 250 வைத்தாலும் சராசரி 250. எத்தனை பேர் எந்தத் தொகையை வைத்தார்கள் என்று ஒரு கோட்டுத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பிப் பாருங்கள். பெருவின் மச்சிகெங்கா மக்கள் இறுதி நிபந்தனை விளையாட்டில் சராசரியாக 26 சதவீதமும், இந்தோனேசியாவில் சேர்ந்து திமிங்கிலம் பிடிக்கும் லமலேரா ஊரவர்கள் 58 சதவீதமும் கொடுக்க முன்வந்தார்கள். அந்த இடைவெளிக்குள் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் எங்கே விழும் என்பதை நீங்கள் வரைகிற அந்தத் தாள்தான் காட்டப்போகிறது.

வந்தவர்களுக்கு முடிவைச் சொல்லுவதாக வாக்குக் கொடுத்திருப்பீர்கள். இரண்டு பக்கத்தில், பெயரில்லாமல், அந்தக் கட்டப் படத்தோடு தமிழில் எழுதி, மண்டபத்து அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய அன்று நீங்களும் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் தங்களுக்குள் கதைப்பதில்தான் எனக்கு அடுத்த பரிசோதனைக்கான கேள்வி கிடைத்தது.